முன் ஷாஃப்ட்டைப் பிரித்துக் கட்டலாமா, புதுசு வாங்கலாமா?

"வண்டி பழசாயிடுச்சு, தள்ளிவிட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்று சொல்லாத சொந்தக்காரர் சென்னையில் எனக்கு ஒருத்தர்கூட இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஜீப்பின் முன்பக்க ஷாஃப்ட்டைப் பிரித்துக் கட்டினேன் என்று போனில் சொன்னபோதும் அதே பேச்சு. "இந்த வயசுல எதுக்கு இந்த ரிப்பேர் வேலையெல்லாம்?" என்றார் ஒருவர். வயசு எனக்கா, ஜீப்புக்கா என்று கேட்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைப் பிரித்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றி, மறுபடி கட்டி ஓட்ட முடிகிறவரைக்கும்தான் அது என் பொருள். அது முடியாமல் போய்விட்டால், காசு நான் கொடுத்திருந்தாலும், சாவி என் இடுப்பில் இருந்தாலும், அது விற்றவர் பொருள்தான். இந்தப் பேச்சு ஒரு ஜீப்போடு நிற்கிற பேச்சு இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எங்களுக்கு எதுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று கேட்பீர்கள். எங்கள் நிலம் திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே ஏரிப் பாசனம், நெல். கிழக்கே போகப் போக மண் மணலாகிவிடும். தர்பூசணிக் கொல்லை, சவுக்குத் தோப்பு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர். ரோடு, கடல். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடினால் எங்கள் வண்டிப்பாதை ஓடையாகிவிடும். பங்குனி, சித்திரையில் அதே பாதையில் தர்பூசணி ஏற்றி வந்தால் பின்சக்கரம் மணலில் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. விடிந்ததும் பாதையில் விழுந்து கிடந்த மரங்களைச் சங்கிலி போட்டு இழுத்தது இந்த ஜீப்புதான். மலைக்கு டூர் போகிறவர்கள் பெருமையாகச் சொல்கிற ஃபோர் பை ஃபோர் வேற, எங்களுடையது வேற. எங்களுக்கு இது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான்.

இப்போது ஷாஃப்ட்டுக்கு வருகிறேன். இயந்திரம் பற்றித் தெரியாதவர்களும் பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமில்லை.

சாதாரண ஜீப்பில் எஞ்சின் சக்தி கியர்பாக்ஸ் வழியாகப் பின்சக்கரத்துக்கு மட்டும் போகும். நாலு சக்கர வண்டியில் கியர்பாக்ஸை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கும். வாய்க்காலில் மடை பிரிக்கிற மாதிரி, அது சக்தியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் அனுப்புகிறது. முன்னால் போகிற சக்தியைக் கொண்டுபோகிற இரும்புக் குழாய்தான் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்.

பெட்டி ஒரு உயரத்தில் இருக்கும், முன் ஆக்ஸில் அதைவிடத் தாழ்வாக இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும். அதனால் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே மடங்கவும் வேண்டும், கொஞ்சம் நீளவும் குறுகவும் வேண்டும். மடங்குவதற்கு இரண்டு முனையிலும் கிராஸ் இருக்கிறது. நாலு கை உள்ள சிலுவை மாதிரி ஒரு இரும்பு. ஒவ்வொரு கைக்கும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள்ளே ஊசி மாதிரி மெல்லிய உருளைகள். நீண்டு குறுகுவதற்கு ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற பல்லு வெட்டிய தண்டு. அதை ஸ்ப்ளைன் என்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இந்த கிராஸ் ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கார்டானோவின் பெயரையும், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரையும் இதற்கு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பட்டறையில் அது யூ.ஜே. கிராஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஜீப்பில் இதுதான் இருந்தது. அந்த வில்லிஸ் ஜீப்பை 1940களின் கடைசியில் மஹிந்திரா நம் நாட்டில் பொருத்த ஆரம்பித்தபோதும் இதுதான். எங்கள் பழைய ஜீப்பிலும் இதேதான். போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

எங்கள் ஜீப்பில் முன்சக்கரத்தைத் தனியாகப் பிரித்துவிடும் ஹப் கிடையாது. அதனால் நாலு சக்கர இழுவை போடாமல் ரோட்டில் போனாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சேறு, மணல், கடலோர உப்புக்காற்று எல்லாம் அதன் மேல்தான். கிண்ணத்து ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கரைந்துவிடும். ஊசி உருளை காய்ந்து அரைபட ஆரம்பிக்கும். போன மழைக்குப் பிறகு கிளட்சை விட்டதும் 'டங்' என்று ஒரு சத்தம். நாற்பதைத் தாண்டினால் காலடித் தகடு அதிர்ந்தது. கீழே படுத்துப் பார்த்தால் கிராஸ் கிண்ணத்தைச் சுற்றிக் குங்குமம் கொட்டினது மாதிரி சிவப்புத் தூள். உள்ளே இரும்பு இரும்பைத் தின்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்தச் சிவப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே விட்டால் ஒருநாள் ஷாஃப்ட் ஓட்டத்திலேயே கழன்று முன்முனை தரையில் குத்தும், வண்டியையே தூக்கி அடித்துவிடும்.

இதற்கு ஊரில் ஒரு சுலப வழி உண்டு. முன் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு, பின்சக்கரத்திலேயே ஓட்டுவார்கள். இந்த மாதிரிப் பழைய வண்டியில் அப்படி ஓட்ட முடியும். எத்தனையோ ஜீப்புகளின் ஷாஃப்ட் இப்படித்தான் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. மழை வந்தால்தான் வலி தெரியும். நான் அதைச் செய்யவில்லை. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறை பாய்க்கு என்னைவிட நாலைந்து வயசு குறைவு. ஷாஃப்ட்டைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் பார்த்தது கிராஸை இல்லை. "அண்ணே, கழட்டறதுக்கு முன்னாடி கோடு போட்டீங்களா?" என்றார். போட்டிருந்தேன். வழுக்கும் பாகத்தின் இரண்டு பக்கமும் உளியால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஒற்றை கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது வேகம் சீராக வராது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கூடும், இரண்டு தடவை குறையும். அந்த ஏற்றத்தாழ்வை மறுமுனை கிராஸ் சரிக்கட்டுகிறது. ஆனால் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக், அதாவது கிராஸைப் பிடிக்கிற கவை, ஒரே நேரில் இருந்தால்தான் கணக்கு சரியாகும். ஒரு பல்லு தள்ளிப் போட்டால்கூட அதிர்வு வரும். எந்தப் பாகமும் கெடாமலே வண்டி கெட்டமாதிரி ஆடும்.

அப்புறம் வைஸில் பிடித்து, சர்க்லிப்பை எடுத்து, கிண்ணங்களைத் தட்டி எடுத்தார். கிராஸ் கையில் ஊசி ஊசியாகப் பள்ளம் விழுந்திருந்தது. அது மாற்ற வேண்டிய சாமான்தான், பேச்சே இல்லை. யோக்கின் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா என்று பார்த்தார். நல்லா இருந்தது. ஸ்ப்ளைனைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் அதிகம். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, வேறு துண்டு வைத்து, லேத்தில் ஏற்றி நேர் பார்த்து வெல்டு வைத்தார். டயல் கேஜ் முள் ஆடுகிற அளவைப் பார்த்துப் பார்த்துத் தட்டி நேராக்கினார். நீளத்தை மூன்று தடவை அளந்தார். நீளம் கூடினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை இடிக்கும், குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது கழன்றுகொள்ளும். கடைசியில் பேலன்சிங் மெஷினில் போட்டு, கனம் குறைந்த பக்கம் சின்னத் தகடு வைத்து ஒட்டினார். இரண்டு புது கிராஸ், கிரீஸ் நிப்பிளோடு. நாலு கிண்ணத்திலும் பழசு போய்ப் புது கிரீஸ் பிதுங்கி வருகிறவரை துப்பாக்கியால் அடித்தார்.

மொத்தம் ஒன்றரை நாள். சாமான், கூலி எல்லாம் சேர்த்து, புது ஷாஃப்ட் முழுசாக வாங்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பணம் செங்கல்பட்டிலேயே தங்கியது. சேதமான இரும்பு ஒரு கிலோ இருக்கும், மிச்சமெல்லாம் வண்டியிலேயே இருக்கிறது. முக்கியமாக, அடுத்த தடவை என்ன கெடும், எப்படித் தெரியும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதை என் மச்சானுடையது. அவருடையது கொஞ்சம் புது வண்டி, எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அதில் முன்சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸில் முனையில் கிராஸ் இல்லை, உருண்டைகள் உள்ள சி.வி. ஜாயின்ட். அதைச் சுற்றிக் கிரீஸைப் பிடித்துவைக்க ஒரு ரப்பர் உறை, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. சவுக்கு வேர் குத்தி அந்த ரப்பர் கிழிந்துவிட்டது. உடனே பார்த்துவிட்டார், சத்தம்கூட வர ஆரம்பிக்கவில்லை. ஒரு ரப்பர் உறை, ஒரு டப்பா கிரீஸ், இரண்டு கிளிப் போதும். சர்வீஸ் சென்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ரப்பர் தனியா வராது சார், ஆக்ஸில் முழு செட்டாத்தான் மாத்தணும்." நல்ல இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு ரப்பருக்காக முழு ஆக்ஸில் விலை கொடுத்தார். அவர் வண்டி என் வண்டியைவிடப் பல வருஷம் இளசு. எது ரிப்பேருக்கு லாயக்கில்லாத வண்டி, சொல்லுங்க?

ஆக, வயசு இல்லை பிரச்சினை. பாகத்தைத் தனியாகப் பிரிக்கிற மாதிரி செய்கிறார்களா, தனியாக விற்கிறார்களா, பிரிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா, இந்த மூன்றும்தான் பிரச்சினை.

இது என் புலம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தது தப்பு என்பதுதான் விஷயம். பிறகு மேல்முறையீடு என்று வழக்கு நீண்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று, மோட்டார் வாகனமும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் இதற்கென்று ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்ல ஆரம்பம்தான். ஆனால் பாகத்தைத் தனியாக விற்றே ஆகணும் என்று கட்டாயப்படுத்தினால்தானே என் மச்சானுக்கு ரப்பர் கிடைக்கும்?

அமெரிக்காவில் நம்மைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு நிலம் வைத்திருக்கிற விவசாயிகளுக்கும் இதே தலைவலிதான். அங்கே டிராக்டரில் கம்ப்யூட்டர் பூட்டு. கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் போட்டது. விவசாய இயந்திரம் செய்கிற கம்பெனி, உதிரிபாகம், கருவி, கையேடு எல்லாம் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும், 2024 ஜனவரி 1 முதல். 2025 ஜனவரியில் அந்த நாட்டு வர்த்தக ஆணையமே ஜான் டீர் கம்பெனி மேல் இதே விஷயத்துக்காக வழக்குப் போட்டது. ஆயிரம் ஏக்கர்க்காரர் கேட்பதையே ரெண்டரை ஏக்கர்க்காரன் நானும் கேட்கிறேன். அவருக்கு அறுவடை ஒரு வாரம் தள்ளிப்போகும். எனக்கு வண்டி நாலு நாள் நின்றால் பழுத்த தர்பூசணி கொல்லையிலேயே வெடிக்கும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எங்கள் மாவட்டம் வண்டி செய்கிற மாவட்டம். மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் மஹிந்திராவின் பெரிய ஆராய்ச்சி மையம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. இங்கே செய்த எண்டேவர் வண்டிகளில் நாலு சக்கர இழுவை உள்ளதும் உண்டு. அவை இன்னும் ஈ.சி.ஆரில் ஓடுகின்றன. தொழிற்சாலை கேட்டைப் பூட்டிவிட்டால் வண்டி ஓட்டத்தை நிறுத்திவிடுமா? கம்பெனி வரலாம், போகலாம். வண்டி அதைவிட அதிக நாள் இருக்கும். அப்போது அதைத் தாங்கிப்பிடிக்கிறது லேத் பட்டறைதான்.

எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டறை பாயே சொன்னார்: யோக் ஓட்டை நீள்வட்டமாகி இருந்தால் அதை மாற்றித்தான் ஆகணும். குழாய் நசுங்கி இருந்தால் தட்டி எடுப்பது ஆபத்து. ஸ்டீயரிங், பிரேக் சாமான்களில் வெல்டு வைக்கவே கூடாது. போலி கிராஸ் மார்க்கெட்டில் நிறைய உண்டு, பளபளப்பாக இருக்கும், ஒரு மழைக்குத் தாங்காது. புது வண்டிகளில் வருகிற மூடின ஜாயின்ட்டுகளிலும் நல்லது உண்டு. கிரீஸ் அடிக்கிற வேலை இல்லை, வேகமாகப் போனாலும் அதிர்வு கம்மி. நகரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது வசதிதான். நான் கேட்பது மூடாதே என்று அல்ல. மூடினதைத் திறக்க வழி வை என்றுதான்.

இப்போது பெரிய கவலை பட்டறை பற்றியது. பாயின் மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம். அவனைக் குறை சொல்ல மாட்டேன், என் பையனும் நிலத்துக்கு வரவில்லை. ஆனால் பட்டறையில் பாய்க்கு அடுத்து லேத் பிடிக்க ஒரே ஒரு ஆள்தான். தமிழ்நாடு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றி, ரோபோ, சி.என்.சி. மெஷின் எல்லாம் வைத்திருக்கிறது. சந்தோஷம். பிள்ளைகள் புதுசு செய்யக் கற்றுக்கொள்ளட்டும். கூடவே கெட்டுப்போனதைப் பிரித்து, எது நல்லது, எது கெட்டது என்று பார்த்துச் சொல்கிற வேலையையும் ஒரு பாடமாக மரியாதையோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். டயல் கேஜ் முள்ளைப் பார்த்து அரை மில்லிமீட்டருக்கும் கீழே நேராக்குகிற கை, படிப்பு இல்லாத கையா?

மாமல்லபுரத்துக்கு வருகிற நீங்கள் சிற்பப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உளி மழுங்கினால் தூக்கிப் போட மாட்டார்கள். உலையில் காய்ச்சி, முனையைத் தட்டி, தோய்த்து, மறுபடி வேலைக்கு எடுப்பார்கள். அந்த உலை இல்லாவிட்டால் சிற்பமே இல்லை. விவசாயத்துக்கும் அப்படித்தான். பம்ப்செட்டுக்குக் காயில் கட்டுகிறவர், டிராக்டர் கலப்பைக்குக் கொழு அடிக்கிறவர், ஷாஃப்ட் கட்டுகிறவர் எல்லாரும் போய்விட்டால், உரம், விதை மானியம் எவ்வளவு கொடுத்தாலும் சின்ன விவசாயி நிற்க மாட்டான்.

நகரத்து நண்பர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். பட்டறையில் கூலி கேட்டால் "ரெண்டு போல்ட்டு கழட்டுனதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசாதீர்கள். மாற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், என்ன கெட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நாலு சக்கர வண்டி வைத்திருந்தால் காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். எங்கள் ஜீப்பு மாதிரி பழைய வகையில், திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் போகும், அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டின் மேல்தான் ஏறும்.

அப்புறம், அடுத்த வண்டி வாங்க ஷோரூமுக்குப் போகும்போது கலர், டச் ஸ்கிரீன் எல்லாம் விசாரித்து முடித்ததும் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "முன் ஆக்ஸில் ரப்பர் கிழிஞ்சா, ரப்பர் மட்டும் தனியா கிடைக்குமா?" ஒருத்தர் கேட்டால் சிரிப்பார்கள். நூறு பேர் கேட்டால் மேலிடத்துக்கு எழுதிப் போடுவார்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்க.